மாநிறத் தோலுக்கு மூன்று வெளிச்சம்

கேமராவைத் தொடுவதற்கு முன் அவர் பஞ்சை எடுத்தார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அலோர் காஜா பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி. இடுப்பின் வலப்பக்கம் மட்டும் பட்டையாக அக்கி பரவியிருந்தது. ஊரில் யாரோ காவியைக் குழைத்து அதன்மேல் எழுதிவிட்டிருந்தார்கள். காவி காய்ந்து பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே இருப்பது கொப்புளமா, உடைந்த புண்ணா, ஆறிய பொருக்கா என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. தாதி பக்கத்தில் நிற்க, உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து மெல்ல ஒற்றி எடுத்தார்.

"எரியுதா பாட்டி?"

"இல்லம்மா, சில்லுன்னுதான் இருக்கு. எழுதினத அழிக்கலாமா?"

"படம் எடுக்கிற இடத்துல மட்டுந்தான் பாட்டி. மத்தது அப்படியே இருக்கட்டும்."

மலாக்கா நகரில் ஒரு மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவில், காத்திருப்புக் கூடத்தைத் தாண்டி, ஒளி சிகிச்சை அறைக்கு அடுத்ததாக இருக்கிறது இந்தச் சின்ன அறை. மருத்துவமனையின் பெயரையும், நோயாளிகளைப் படம் எடுக்கும் இந்தப் பெண்ணின் பெயரையும் எழுதுவதில்லை என்ற உடன்பாட்டில்தான் என்னை உள்ளே விட்டார்கள். ஒவ்வொரு நோயாளியிடமும், "இவங்க பத்திரிகைக்கு எழுதறவங்க, கூட நிக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றவர்களோடு மட்டும் நின்றேன். வேண்டாம் என்றவர்களின்போது வெளியே போய்விட்டேன். நோயாளிகளின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். இந்தக் கட்டுரைக்குப் படம் கிடையாது.

அறைக்கு ஜன்னல் இல்லை. பகல் வெளிச்சம் காலையில் ஒரு நிறம், மழை இருட்டில் ஒரு நிறம். அதை நம்பி ஒரு தோலை மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியாது. சுவர்கள் பளபளப்பில்லாத சாம்பல் நிறம். பின்னால் தொங்குவது நீலத் துணி. கறுப்புத் துணி வைத்தால் கறுத்த கையின் ஓரம் துணியோடு கலந்துவிடும் என்று விளக்கினார். தரையில் பாத அளவுக்கு நாடா ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் நோயாளி அந்த நாடாமேல்தான் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் ஃபிளாஷ் விளக்குகள், நாற்பத்தைந்து பாகைச் சாய்வில். கேமராவில் 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ். அதன் குவியத்தை முதலிலேயே பூட்டிவிடுகிறார். படம் தெளிவாக வரும்வரை லென்ஸைத் திருகுவதில்லை. தன் உடம்பைத்தான் முன்னும் பின்னும் நகர்த்துகிறார். அப்படிச் செய்தால்தான் சென்ற முறை எந்த அளவில் பதிந்ததோ அதே அளவில் இந்த முறையும் பதியும். ஒரு படை வளர்ந்ததா சுருங்கியதா என்பதற்கு அப்போதுதான் படம் சாட்சி சொல்லும்.

முதல் சட்டத்தில் நோயாளி இல்லை, ஒரு வண்ண அட்டைதான். இருபத்து நான்கு கட்டங்கள் கொண்ட, 1976ல் வந்த மேக்பெத் அட்டையின் வாரிசு. அதன் முதல் கட்டம் கறுத்த தோலின் நிறம், இரண்டாவது வெளிர் தோலின் நிறம். அந்த அட்டையைப் பார்த்துத்தான் திரையில் வண்ணம் சரிசெய்யப்படுகிறது. மஞ்சள் பூசிய தோலை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நம் வீடுகளில் மேல்வலி, அரிப்பு, அம்மை எதுவென்றாலும் கை முதலில் போவது மஞ்சளுக்கும் வேப்பிலைக்கும்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மஞ்சள், அழற்சியின் நிறத்தை மறைத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் ஃபிளாஷ் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அதனால்தான் பஞ்சும் உப்புநீரும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அடுத்து வந்தவர் மெர்லிமாவ் பக்கத்து லாரி ஓட்டுநர். சொரியாசிஸ். முழங்கை, முட்டி, முதுகு. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. சட்டையைக் கழற்றி, சொல்லாமலே நாடாமேல் நின்றார். மருத்துவப் பாடநூலில் சொரியாசிஸ் என்றால் சிவந்த தடிப்பு, வெள்ளிச் செதில். இவர் முதுகில் சிவப்பே இல்லை. கத்தரிப்பூ நிறமும் கரும்பழுப்பும் கலந்த ஒரு நிறம்தான் இருந்தது. நோயின் கடுமையை மருத்துவர்கள் மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள்: சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு, உடம்பில் எத்தனை பங்கு. நான்கில் முதலாவதே நம் தோலில் வேறு நிறத்தில் வருகிறது. பழகாத கண் அதைத் தழும்பு என்று தள்ளிவிடும். மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் வலுவான மருந்து கிடைப்பது தள்ளிப்போகும். மலேசியாவில் 2007லிருந்து சொரியாசிஸ் நோயாளிகளுக்கென ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கைவிட அந்தப் பதிவேட்டில் அவர்களுடைய பங்கு கூடுதல். ஆகவே இது ஏதோ ஓர் ஓரத்து விவகாரம் அல்ல.

அந்த முதுகை இரண்டு முறை எடுத்தார். முதலில் சாதாரண ஃபிளாஷ். பிறகு விளக்குகளின் மேலும் லென்ஸின் மேலும் போலரைசர் கண்ணாடிகளைக் குறுக்காகப் பொருத்தி இன்னொரு முறை. இரண்டையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டாவது படத்தில் தோலின் மினுமினுப்பு மொத்தமாக மறைந்துபோய், கீழே ஊறியிருந்த ஊதா நிறம் ஓரம் ஓரமாகத் தெரிந்தது. முதல் படத்தில் ஒன்றுமில்லை என்று நான் நினைத்த இடுப்புப் பகுதியிலும் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஆனால் அதே படத்தில் செதில் காணாமல் போயிருந்தது, ஏனென்றால் செதிலை நாம் பார்ப்பதே அதன் மினுக்கத்தால்தான். ஒன்று மட்டும் எடுத்தால் பாதிதான் உண்மை என்றார். இரண்டையும் சேர்த்துத்தான் கோப்பில் ஏற்றுகிறார்.

ஒவ்வொரு நோயாளியையும் மூன்று தூரத்தில் எடுக்கிறார்: தொலைவிலிருந்து ஒன்று, நடுத்தர தூரத்தில் ஒன்று, மிக அருகில் ஒன்று. உடம்பில் எந்த இடம் என்பது முதலாவதில். எப்படிப் பரவியிருக்கிறது என்பது இரண்டாவதில். அதன் மேற்பரப்பு மூன்றாவதில். மூன்றாவதில் ஓர் அளவுகோலும் உண்டு. விளிம்பு உயர்ந்திருக்கிறதா என்று காட்டவேண்டியிருந்தால் ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைப் பக்கவாட்டில் தாழ்த்துகிறார். சொறிந்து சொறிந்து தடித்துப்போன கணுக்காலை அப்படி எடுத்தபோது, சமதளம் போலிருந்த தோலில் வரப்பும் வாய்க்காலும் எழுந்து நின்றன.

கேமராவின் தானியங்கியை அவர் எதற்கும் நம்புவதில்லை. அது எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். மாநிற முதுகு சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றிவிடும்; தோல் வெளுத்து, தழும்பு மங்கிவிடும். அதே ஆள் வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் சுவரைப் பார்த்து வெளிச்சத்தை இறக்கும், ஆள் நிழலாகிவிடுவார். கைப்பேசி இதைவிட மோசம். முகம் என்று தெரிந்ததும் அதுவாகவே வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் கைப்பேசிகள் இருக்கின்றன. நோயாளிகள் வீட்டில் எடுத்துக்கொண்டுவரும் படங்களில் நோயே துடைத்தெடுக்கப்பட்டிருப்பதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார்.

இந்த வேலைக்கு வருமுன் அவர் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். புகைப்படக்கலையில் டிப்ளோமா படித்துவிட்டு, ஜாசின், தம்பின், பூலாவ் செபாங் மண்டபங்களில் சனி ஞாயிறு முழுக்க நின்றவர். மணப்பெண்ணை இரண்டு மூன்று படி வெளுப்பாக்கித் தரவேண்டும் என்று பெண் வீட்டாரே கேட்பார்களாம். பருவை அழி, கழுத்துக் கறுப்பை எடு, கையும் முகமும் ஒரே நிறமாக இருக்கட்டும். "இங்க வந்து முதல் நாளே டாக்டர் சொன்னாரு, ஒரு மச்சத்தக்கூட தொடக்கூடாதுன்னு. அன்னைக்குத்தான் எங்க அம்மா நிறத்த நான் ஒழுங்கா பாத்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

தோல் நோயைப் படம் பிடிக்கும் வழக்கம் பழையது. லண்டனில் பால்மன்னோ ஸ்குவையர் 1865ல் தோல் நோய்ப் படங்களைத் தொகுப்பாக வெளியிட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டியவை. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஹார்டியும் மோன்மெஜாவும் 1868ல் அப்படியே செய்தார்கள். அந்தத் தோல்கள் ஐரோப்பியத் தோல்கள், தீட்டிய சிவப்பும் அதற்கேற்ற சிவப்பு. பிறகு வண்ணப் பிலிம் வந்தது. கோடாக் நிறுவனம் புகைப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. மரச்சாமான் விற்பவர்களும் சாக்லெட் விற்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பழுப்பு நிறங்களில் கோடாக் கவனம் செலுத்தியது. மனிதர்களின் தோலுக்காக நடக்காதது மேசை நாற்காலிக்காக நடந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

தோலை நிற வகைகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலும் 1975ல் வெளிர் தோலுக்கான நான்கு வகைகளோடுதான் பிறந்தது. நம்மில் பலர் விழும் ஐந்தும் ஆறும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. 2020ல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் மாலோன் முக்வென்டே என்ற மாணவர், பாடநூல்களில் கறுத்த தோலின் படங்கள் இல்லாததைக் கண்டு, தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே கொண்டுவந்தார். மலாக்காவின் இந்தச் சின்ன அறையில் ஒவ்வொரு நாளும் சேரும் படங்களும் அந்தக் குறையைத்தான் அடைக்கின்றன. நோயாளி சம்மதித்தால், அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வரும் மருத்துவர் மலாய், சீன, தமிழ்த் தோல்களில் ஒரே நோய் எப்படி வெவ்வேறாகத் தெரியும் என்பதை இவற்றில் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

"நோயாளி சம்மதித்தால்" என்பதில்தான் அன்றைய காலையின் பெரும்பகுதி கழிந்தது.

பதினெட்டு இருபது வயதுப் பெண், கூடவே அம்மா. பெண்ணின் கழுத்திலும் மார்பின் மேல்பகுதியிலும் வெண்புள்ளி. படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா அதை வாங்கியதும் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினார். நம் ஆட்கள் அரசாங்கக் காகிதத்தைக் கண்டால் செய்வது அதுதான். படம் எடுப்பவர் பேனாவைக் கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். முதல் கட்டம்: படம் உங்கள் கோப்பில் மட்டும் இருக்கும், வைத்தியம் பார்ப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். இரண்டாவது: மருத்துவ மாணவர்களுக்குக் காட்டலாம். மூன்றாவது: புத்தகத்திலோ சஞ்சிகையிலோ அச்சிடலாம். முதலாவதற்கு மட்டும் சரி சொல்லி மற்றதை விட்டுவிடலாம். எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். மாறினால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. ஆனால் ஒன்று, புத்தகத்தில் அச்சாகிவிட்ட படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க கண்ணுல பட்டுருமா மிஸ்ஸி?" என்றார் அம்மா. மருத்துவமனையில் எந்தப் பெண்ணும் நம்மவர்களுக்கு மிஸ்ஸிதான்.

"கோப்புல மட்டும்னா படாதும்மா. புத்தகத்துல வந்தா, கண்ண மறைச்சாலும் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். செயின், மச்சம், பச்ச குத்தினது, இதெல்லாம் காட்டிக் குடுத்திரும். அதனால நீங்க யோசிச்சு சொல்லுங்க."

அம்மா மகளைப் பார்த்தார். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் மகளே டிக் போட்டாள். மூன்றாவதைக் காலியாக விட்டாள். பெரிய பிள்ளை, முடிவு அவளுடையது.

விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கை ஏற்றியபோது அந்தக் கழுத்தில் நான் பார்க்காத இடங்களெல்லாம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. 1903ல் ராபர்ட் வுட் கண்டுபிடித்த வடிகட்டியின் வழிவந்த விளக்கு அது. நிறமி முழுக்க அழிந்த இடம் பளிச்சென்று தெரியும். வெறும் தேமல் என்றால் மஞ்சள் சாயலில் தெரியும். இனி வாரந்தோறும் ஒளி சிகிச்சை அறையில் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அந்தப் பெண் நிற்கப்போகிறாள். மயிர்க்கால்களைச் சுற்றி மிளகளவு நிறம் திரும்ப வருவதுதான் முதல் அறிகுறி. கண்ணாடியில் தினமும் பார்க்கும் அவளுக்கு அது தெரியாது. மூன்று மாதப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். பலர் வைத்தியத்தைப் பாதியில் விடாமல் தொடர்வது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்று ஒளி சிகிச்சை அறையின் தாதி சொன்னார்.

தாலியைக் கழற்றச் சொல்வதில்லை என்பது படம் எடுப்பவர் தானாக வைத்துக்கொண்ட விதி. நகை படத்தில் வரக்கூடாது. ஆனாலும் தாலிக்கயிற்றைத் தோளுக்குப் பின்னால் ஒதுக்கி, மேலே துணியைப் போட்டால் போதும். எந்த இடத்தை எடுக்கவேண்டுமோ அந்த இடம் மட்டும் திறந்திருக்கும். மார்பு, இடுப்புக்குக் கீழ் என்றால் தாதி கட்டாயம் உள்ளே. எடுத்த படத்தை நோயாளிக்கே திருப்பிக் காட்டுகிறார். பாட்டிகள் தங்கள் முதுகை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்ப்பது அங்கேதான்.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல் வந்தது. மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அரசாங்க மருத்துவமனைகளில் நோயாளியின் படத்துக்குப் பெரிய காவல், மருத்துவர்களின் தொழில் நெறியும் இப்படிப்பட்ட மனிதர்களின் மனசாட்சியும்தான். அவசரத்தில் சொந்தக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் உலகெங்கும் மருத்துவமனைகளில் இருக்கிறது. தொலைவில் இருக்கும் நிபுணரின் கருத்தை உடனே கேட்க அது உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் படம் பிறகு குடும்பப் படங்களோடு சேர்ந்து எங்கெங்கோ போய்த் தங்கிவிடுகிறது. தமிழிலும் ஒப்புதல் படிவம் அச்சிடவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அன்று அங்கே ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அவர் விடுப்பில் போகும் நாளில் யார் செய்வார்கள்?

தொழுநோய் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. மலாக்காக் கடலோரத்தில் பூலாவ் செரிம்புன் என்ற சிறு தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பிறகு 1930ல் அவர்களுக்கென சுங்கை பூலோ குடியிருப்பு வந்தது. 1994ல் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை மலேசியா எட்டியது. இப்போது அரிது, ஆனால் அடியோடு இல்லாமல் போகவில்லை. வெளிறிய படையைப் படம் எடுத்துவிடலாம், அதில் உணர்ச்சி இல்லை என்பதை எப்படிப் படம் எடுப்பது? மருத்துவர் மெல்லிய இழையால் தொட்டுத் தொட்டு, உணர்வு நிற்கும் எல்லையைப் பேனாவால் தோலின்மேல் கோடு போடுவாராம். அந்தக் கோட்டைத்தான் இவர் எடுப்பார். ஆறு மாதம் கழித்து வரும்போது கோடு உள்வாங்கியிருக்கவேண்டும்.

மதியத்துக்குமேல் அவர் ஆசாஹானில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். ஜாசினைத் தாண்டி, நியாலாஸ் வழியாகப் போனால் குனோங் லேடாங் மலையின் அடிவாரம். மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் நட்டவர் டான் சாய் யான். 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, அதன் பிறகு ஆசாஹானில் பெரிய தோட்டம் போட்டார். பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே லயத்தில் பிறந்து லயத்தில் முடிந்தார்கள். 1967ல் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். இப்போது சாலையின் இரு பக்கமும் செம்பனை. தமிழ்க் குடும்பங்களில் பல, பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன.

தோட்டத்துப் பதிவுகளில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும், வெட்டிய பாலின் எடை இருக்கும். கையில் அமிலம் பட்டு வெந்ததை யார் படம் எடுத்து வைத்தார்கள்? டிரஸ்ஸர் களிம்பு தடவி அனுப்பியதோடு சரி. மருந்தடித்த பெண்களின் கதை இன்னும் கொடியது. முதுகில் சுமந்த தெளிப்பான் ஒழுகி, இடுப்பிலும் தொடையிலும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி ஊறும். தெனாகனித்தா அமைப்பு 2002ல் அந்தப் பெண்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006ல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை வந்தது.

அம்மா வீட்டு முன்வாசலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அம்மாவோடு ஒரே தண்டலின் (மேற்பார்வையாளரின்) கீழ் மருந்தடித்தவர். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் இரண்டு கைகளையும் நீட்டினார். நகங்கள் தடித்து, மஞ்சளாகி, இரண்டு விரலில் பாதிவரை கழன்றிருந்தன. பாராகுவாட் நகத்தில் பட்டால் வெள்ளைக்கோடு விழும், நிறம் மாறும், நகமே கழன்றுவிடும் என்று நான் படித்திருக்கிறேன். அதனால்தான் என்று சொல்ல வாய் துடித்தது. படம் எடுப்பவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"பூஞ்சையாவும் இருக்கலாம் அத்தை. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்."

"நீயே ஒரு படம் எடுத்துக் காட்டேன்."

கைப்பேசி இவர் மடியில்தான் இருந்தது. எடுக்கவில்லை. "இப்படி எடுத்தா நிறம் சரியா வராது அத்தை. கெலினிக்ல காட்டி ஒரு லெட்டர் வாங்கிக்கிட்டு வாங்க. நல்ல வெளிச்சத்துல, அளவு வச்சு, உங்ககிட்ட கையெழுத்து வாங்கி எடுக்கிறேன். அது உங்க கோப்புல நிக்கும்." பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டாக்டரிடம் என்னென்ன சொல்லவேண்டும் என்று வரிசையாக எழுதினார்: எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை மருந்தடித்தது, என்ன மருந்து, கையுறை கொடுத்தார்களா, நகம் முதலில் கழன்றது எப்போது. பக்கத்து வீட்டுப் பையனிடம் கார் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை கூட்டிப்போவான் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

அத்தை தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். "கால் நகத்தையும் காட்டணுமா?"

"கட்டாயம் காட்டுங்க. தெளிப்பான்ல ஊத்தும்போது மருந்து முதல்ல சிந்தினது கால்லதானே."